முங்கிப் போகிறவர், தாண்டிப் போகிறவர்

விளையாட்டுப் பக்கம்

(இந்த முறை கட்டுரை கொஞ்சம் நீளம். மூணு சார்ட் தாள்ல எழுதி ஒட்டியிருக்கோம். இடது பக்கத் தாளில் ஆரம்பித்துப் படிக்கவும். மதிய மணி அடிச்சதும் எல்லாரும் ஒரே நேரத்துல வந்து முட்டாதீங்க!)



குறுவட்டப் போட்டிக்குக் கபடி டீம் எடுக்கப் போறாங்கன்னு பிரேயர்ல சொன்ன நாள்லேர்ந்து நம்ம பள்ளிக்கூடம் ரெண்டாப் பிரிஞ்சு கிடக்கு. ஒரு கட்சி, ‘பர்தீப் மாதிரி டுப்கி அடிக்கத் தெரிஞ்சவன்தான் ரெய்டர்’ங்குது. இன்னொரு கட்சி, ‘அஜய் தாகூர் மாதிரி உயரமா இருக்கணும், தாண்டணும், அவன்தான் ரெய்டர்’ங்குது. இதுல ஒன்பதாம் வகுப்புப் பசங்க பாதிப் பேருக்கு முட்டி தோல் உரிஞ்சு போச்சு. எல்லாம் டுப்கியோட வேலை. இன்னொரு பக்கம், குள்ளமா இருக்கிற ரெண்டு மூணு பேர் ‘நமக்குக் கபடி செட் ஆவாது’ன்னு பேரே கொடுக்கல. இது ரொம்பத் தப்பான முடிவு. ஏன் தப்புன்னு சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

சண்டை போடுற ரெண்டு கட்சியும் ஒரு விஷயத்தை மறந்துடுச்சு. பர்தீப் நர்வாலும் அஜய் தாகூரும் எதிரிகள் இல்லை. 2016 அக்டோபரில் அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பையில் இருவரும் ஒரே இந்திய அணியில் ஆடியவர்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 2015இல், புரோ கபடியில் பெங்களூரு புல்ஸ் அணியிலும் ஒன்றாக இருந்தவர்கள். அங்கே பர்தீப் அதிக வாய்ப்புக் கிடைக்காத சின்னப் பையன்! ஒரே அணிக்குப் பாடிப் போன இரண்டு பேர் இப்படி நேர்மாறாக ஆடியது எப்படி, அதனால் அணிக்கு என்ன லாபம், லாபம் இல்லாமல் போனது எப்போது? இதைப் பார்த்துட்டு அப்புறம் சண்டையைத் தொடரலாம்.

முதல்ல ஆளைப் பத்திச் சுருக்கமா. அஜய் தாகூர் இமாசலப் பிரதேசத்துக்காரர், பிறந்தது 1986. ஆறடிக்கு மேல் உயரம். பர்தீப் நர்வால் அரியானா மாநிலம் சோனிபத் மாவட்டத்தில் ரிந்தானா என்ற கிராமம், பிறந்தது 1997. உலகக் கோப்பை நடந்தப்போ ஒருத்தருக்கு 30 வயசு, இன்னொருத்தருக்கு 19. நம்ம பிளஸ் டூ அண்ணன்களை விட ரெண்டு வயசுதான் அதிகம்! அந்த அணியில் நம்ம தமிழ்நாட்டுச் சேரலாதனும் இருந்தார். அவர் பிடிக்கிற ஆள். 2016இல் பாட்னா பைரேட்ஸ் புரோ கபடியின் நான்காவது சீசனை ஜெயித்தபோது கேப்டன் அவர்தான், பாடிப் போன முக்கிய ஆள் பர்தீப். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர் ஒருத்தர் பாட்னா டீமுக்குக் கேப்டன். எழுதும்போதே எனக்குப் பெருமையா இருக்கு.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். பெண் ஆசிரியர்கள் சிலர் ‘எங்களுக்குக் கபடி தெரியாதுப்பா’ன்னு சொன்னாங்க. அவங்களுக்காக ஒரு பத்தி. தெரிஞ்சவங்க தாண்டிப் போங்க.

பெரிய ஆண்கள் ஆடுற களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நடுவில் ஒரு கோடு. ஆக எதிரணியின் பாதி 6.5 மீட்டர் ஆழம். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டர் தள்ளி ஒரு கோடு. பாடிப் போகிறவர் யாரையும் தொடாவிட்டாலும் இதையாவது தாண்டிவிட்டுத்தான் திரும்பணும். இல்லாவிட்டால் அவுட். அதற்கும் 1 மீட்டர் தள்ளி போனஸ் கோடு. எதிரில் ஆறு பேரோ ஏழு பேரோ நிற்கும்போது அதைத் தாண்டிக் கால் வச்சா ஒரு புள்ளி. எல்லாத்துக்கும் மொத்தம் 30 வினாடிதான். அதற்குள் ‘கபடி கபடி’ என்று விடாமல் பாடிக்கொண்டே போய், தொட்டு, திரும்பணும். யாரையாவது தொட்டுட்டாலோ, பிடிபட்டுத் திமிறினாலோ, நடுக்கோட்டை விரல் நுனியால தொட்டாலே போதும். வழியில அவரைத் தொட்ட அத்தனை பேரும் அவுட். இந்தக் கடைசி வரியை நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க. பர்தீப்போட மொத்த வித்தையும் இதுலதான் இருக்கு.

எதிரில் இருப்பவர்கள் இரண்டிரண்டு பேராகக் கை கோத்து நிற்பார்கள். அதுக்குப் பேரு செயின், சங்கிலி. படம் 1 பாருங்க. (பெஞ்சு மாதிரி இருக்குன்னு சிரிக்காதீங்க, அது ரெண்டு மனுஷங்க.) பாடிப் போனவர் உள்ளே ஆழமாப் போனதும் இந்தச் சங்கிலி அவருக்கும் நடுக்கோட்டுக்கும் நடுவுல வந்து கதவு மாதிரி மூடும். நம்ம ஊர்ல ரயில்வே கேட் மூடுறதை நினைச்சுக்கோங்க. குறுக்கே ஒரு கம்பி வந்துடுச்சு. இந்தப் பக்கம் மாட்டிக்கிட்ட ஆளுக்கு வழி ரெண்டே ரெண்டு. கம்பிக்குக் கீழே குனிஞ்சு போகணும், இல்லேன்னா மேலே தாண்டிப் போகணும். (உண்மையான ரயில்வே கேட்ல ரெண்டுமே தப்பு. செய்யாதீங்க! கும்மிடிப்பூண்டி வண்டி யாருக்காகவும் நிக்காது.)

கீழே போகிறவர் பர்தீப். இந்தியில் ‘டுப்கி’ என்றால் தண்ணீரில் முங்குவது. நம்ம பாஷையில முங்கு. பெயர் ரொம்பப் பொருத்தம். குளத்தில் முங்கினவன் எங்கே எழுந்திருப்பான் என்று கரையில் நிற்பவனுக்குத் தெரியாது இல்லையா, அதே மாதிரி.

அவர் ஆடிய வீடியோக்களைத் திரும்பத் திரும்ப மெதுவா ஓட்டிப் பார்த்ததுல தெரிஞ்சதைச் சொல்றேன். நம்ம பசங்க டுப்கின்னதும் முதல்லயே குனிஞ்சுக்கிட்டு ஓடுறாங்க. பர்தீப் அப்படிச் செய்யவே மாட்டார். முதலில் நிமிர்ந்துதான் இருப்பார். பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே சங்கிலியைத் தன் பக்கம் இழுப்பார். ‘வா, வந்து பிடி’ன்னு கூப்பிடுற மாதிரி இருக்கும். பிடிக்கிறவங்க மூடுறதுக்காக ஓர் அடி முன்னால வைக்கிறாங்க பாருங்க, அந்த அடி தரையில ஊணுறதுக்குள்ள இவர் இடுப்பை மடிச்சு, நெஞ்சைத் தொடைப் பக்கம் கொண்டு வந்து, கோத்த கைகளுக்குக் கீழே தோளை நுழைச்சுடுவார். அதன் பிறகு வேலை முழுக்கக் காலுக்கு. குனிஞ்ச பிறகும் கால் நிக்காம தள்ளிக்கிட்டே இருக்கும். கையை நீட்டினா கோடு.

இதில் கணக்கும் இருக்கிறது. சாதாரண உயரம் உள்ள ஒருவர் கையை நீட்டிப் படுத்தால் கால் நுனியிலிருந்து விரல் நுனி வரை சுமாராக 2 மீட்டர் வரும். 3.75 மீட்டரில் 2 மீட்டர் உடம்பே போய்விடுகிறது. மிச்சம் இருப்பது ஒன்றே முக்கால் மீட்டர், அதாவது இரண்டு எட்டு. சங்கிலிக்குக் கீழே நுழைஞ்ச பிறகு ரெண்டு எட்டு தள்ளத் தெரிஞ்சா போதும். இதனாலதான் டுப்கிக்கு உயரம் தேவையில்லைன்னு சொல்றேன். தாழ்வா இருக்கிறவனுக்குக் குனியிறதுக்கு நேரமும் கம்மி. பேர் கொடுக்காத நண்பர்கள் கவனிக்க!

இன்னொண்ணு. முங்கிப் போகும்போது அவர் மேல விழுகிறவங்க, முதுகைத் தொடுறவங்க, காலைப் பிடிச்சு வழுக்கிறவங்க எல்லாருமே அவரைத் தொட்டவங்கதான். அவர் கோட்டைத் தொட்டுட்டா அத்தனை பேரும் வெளியே. அதனால் பர்தீப்புக்கு ஒரே ரெய்டில் 3, 4 புள்ளி என்று கொத்தாக வரும். 2017இல் அரியானா ஸ்டீலர்ஸ் அணிக்கு எதிரான பிளே ஆஃப் ஆட்டத்தில் பாட்னா 69-30 என்று ஜெயித்தது. அதில் பர்தீப் மட்டும் 34 புள்ளி. அதாவது எதிர் டீம் மொத்தமா எடுத்ததை விட இவர் ஒருத்தர் எடுத்தது அதிகம்! அந்த ஆட்டத்தில் ஒரே ரெய்டில் 8 புள்ளி எடுத்தார். ஆறு பேரைத் தொட்டதற்கு 6, ஆல் அவுட் செய்ததற்கு... இருங்க, ஆல் அவுட்டுக்கு 2 புள்ளி, அது அணிக் கணக்கில் சேரும். அப்படின்னா அவர் பேருக்கு எத்தனை, அணிக்கு எத்தனைன்னு பி.டி. சார்கிட்ட ஒருநாள் உட்கார்ந்து கேட்கணும். ஒரு மூச்சுல ஒரு பக்கத்தையே காலி பண்ணிட்டார்ங்கிறது மட்டும் நிச்சயம். அந்த சீசன் முழுதும் அவர் எடுத்த ரெய்டு புள்ளி 369. இறுதி ஆட்டம் எங்கே தெரியுமா? நம்ம சென்னை நேரு உள்விளையாட்டரங்கில். அக்டோபர் 28, 2017. குஜராத் அணியை 55-38 என்று பாட்னா வீழ்த்தியது.

இப்ப தாண்டிப் போகிறவர்.

அஜய் தாகூரை நமக்கு நல்லாவே தெரியும். 2017லேர்ந்து 2019 வரை மூணு சீசன் நம்ம தமிழ் தலைவாஸ் சட்டை போட்டவர். அவர் பாடிப் போறதைப் பார்த்தா முதல்ல ஏமாற்றமா இருக்கும். ஒண்ணுமே நடக்காது. நிமிர்ந்து நடப்பார். ஒரு பக்கம் கையை ஆட்டுவார், திரும்பி வருவார். பர்தீப் பாடும்போது அரங்கமே எழுந்து நிற்கும், அஜய் பாடும்போது பாதிப் பேர் பாப்கார்ன் சாப்பிடுவாங்க. ஆனா பிடிக்கிறவங்க யாரும் அசந்துட முடியாது. காரணம் அந்தக் கை. ஒரு ஆள் எட்டாதுன்னு நினைச்சு நிக்கிற தூரம் இவருக்கு எட்டும். உயரமான ஆளுக்குக் கை நீளம் ஒரு சாண் கூடுதல்னு வச்சுக்குங்க. பிடிக்கிற ஏழு பேரும் அந்த ஒரு சாண் பின்னால நிக்கணும். பின்னால நின்னா போனஸ் கோடு திறந்துடும். முன்னால வந்தா கை பட்டுடும். கையை வீசிக்கிட்டே ஓடித் தொட்டுட்டு நிக்காம திரும்புறதுக்கு ‘ரன்னிங் ஹேண்ட் டச்’னு பேரு. தொடப்பட்டவருக்கே சில சமயம் தெரியாது, அம்பயர் கையைத் தூக்கின பிறகுதான் தெரியும்.

சரி, மாட்டிக்கிட்டா? அங்கேதான் தாவல். தவளைத் தாவல்னு சொல்றாங்க. கணுக்காலைப் பிடிக்கப் பிடிக்கிறவர் குனிந்து பாய்வார். அந்தக் குனிந்த முதுகுக்கு மேலே அஜய் இரண்டு காலையும் தூக்கித் தாண்டி, அந்தப் பக்கம் இறங்கி, நடுக்கோட்டுக்குப் போய்விடுவார். படம் 2இல் வரைய முயற்சி செய்திருக்கிறோம். கால் கொஞ்சம் நீளமா வந்துடுச்சு. அவருக்கு நிஜமாவே நீளம்தான், விடுங்க.

தாவலில் ஓர் ஆபத்து உண்டு. ஒன்பதாம் வகுப்பு இயற்பியல் படித்தவர்களுக்குப் புரியும். காலைத் தரையிலிருந்து எடுத்துட்டீங்கன்னா அதுக்கப்புறம் திசையை மாத்த முடியாது. எந்தப் பக்கம் உந்தினீங்களோ அந்தப் பக்கம்தான் போவீங்க. அந்தரத்துல இருக்கும்போது பக்கத்துல இருந்து ஒருத்தர் தோளால மோதினா நேரா களத்துக்கு வெளியே. டுப்கியில கால் தரையிலேயே இருக்கும், தள்ளலாம், ஆனா தலை கீழே போயிட்டதால எதிர்ல யார் வர்றாங்கன்னு தெரியாது. ஒருத்தருக்குக் கண் இருக்கு, கால் இல்லை. இன்னொருத்தருக்குக் கால் இருக்கு, கண் இல்லை. அதனால அஜய் தாவுறதுக்கு முன்னாடி ரொம்ப நேரம் பார்ப்பார். பர்தீப் பார்க்க வேண்டியதைக் குனியிறதுக்கு முன்னாடியே பார்த்து முடிச்சுடுவார். ‘அவர் ஸ்லோ, இவர் ஃபாஸ்ட்’ என்று கேன்டீன் பக்கத்தில் பேசிக்கொள்வதெல்லாம் சும்மா. இருவருமே பார்க்கிறார்கள், பார்க்கும் நேரம்தான் வேறு.

உலகக் கோப்பை இறுதி ஆட்டம் இந்தப் பார்க்கிற வேலைக்கு நல்ல உதாரணம். 2016 அக்டோபர் 22, எதிரணி ஈரான். இந்தியா அந்தப் போட்டியை ஆரம்பித்ததே தோல்வியோடு. முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 32-34. இறுதி ஆட்டத்திலும் இடைவேளையில் ஈரான் 18, இந்தியா 13. ஐந்து புள்ளி பின்தங்கியாச்சு, சொந்த ஊர், அரங்கம் பூரா நம்ம ஜனம். இந்த மாதிரி நேரத்துல நம்ம பசங்க என்ன செய்வாங்க? அடுத்த ரெய்டிலேயே அஞ்சையும் எடுக்கணும்னு உள்ளே பாய்ஞ்சு மாட்டிக்குவாங்க. அஜய் ஒண்ணு ஒண்ணா, ரெண்டு ரெண்டா எடுத்தார். கடைசியில் இந்தியா 38, ஈரான் 29. அஜய்க்கு 12 புள்ளி. போட்டி முழுவதிலும் அவர் எடுத்தது 68. அத்தனை நாடுகளின் ரெய்டர்களிலும் அதுதான் அதிகம். பர்தீப் அணியில் இருந்தும் அன்றைக்கு எல்லாரும் பேசியது அஜய் பெயரைத்தான். மறு வருஷம் எல்லாரும் பேசியது பர்தீப் பெயரை.

இப்போ முக்கியமான கேள்வி. கபடியில் ஒரு நேரத்தில் ஒருத்தர்தான் பாடிப் போக முடியும். கால்பந்து மாதிரி ரெண்டு பேர் சேர்ந்து ஓடிப் பந்தை மாத்திக் கொடுக்க முடியாது. அப்போ ரெண்டு வகை ஆள் இருந்து என்ன பிரயோஜனம்? நல்லா ஆடுற ஒருத்தனையே திரும்பத் திரும்ப அனுப்பலாமே? டுப்கி கட்சி, ஜம்ப் கட்சி ரெண்டுமே கேட்கிற கேள்வி இது.

இதற்கு விடை எதிரணியின் முட்டியில் இருக்கிறது. ஆமாங்க, முட்டியில!

சங்கிலியை எந்த உயரத்தில் பிடிப்பது என்பதைப் பிடிக்கிறவர்கள் முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும். முங்குகிற ஆள் வந்தால் முட்டியை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, கையைத் தொடை அளவுக்கு இறக்கணும். தாண்டுகிற, நீளக் கை ஆள் வந்தால் நிமிர்ந்து, பின்னால் தள்ளி நிற்கணும். ஒரு ஆட்டம் 40 நிமிஷம். ஒரே மாதிரி ஆள் மட்டும் வந்துக்கிட்டிருந்தா ஏழு பேரும் ஒரே நிலையில பழகிடுவாங்க. உடம்பு தானா அந்த உயரத்துக்குப் போயிடும். மாறி மாறி வந்தா ஒவ்வொரு ரெய்டுக்கும் உட்கார்ந்து எழுந்திருக்கணும். நம்ம பி.டி. சார் தண்டனையா 50 உட்கார்ந்து எழுந்திருக்கச் சொல்வாரே, அதைச் செஞ்சு பார்த்தவங்களுக்குக் கடைசி இருபதுல தொடை எப்படி நடுங்கும்னு தெரியும். கடைசிப் பத்து நிமிஷத்துல பிடிக்கிறவன் முட்டி மடங்க அரை வினாடி தாமதம் ஆனா அதுதான் டுப்கிக்கான கதவு. அதைத் திறந்து வச்சது பர்தீப் மட்டும் இல்லை, முன்னால நாலு தடவை போயிட்டு வந்த உயரமான ஆளும்தான்.

இரண்டாவது காரணம் இன்னும் எளிமை. பாடிப் போகிறவர் பிடிபட்டால் வெளியே உட்கார வேண்டும். அவர் அணி ஒரு புள்ளி எடுத்தால்தான் ஓர் ஆள் உள்ளே வர முடியும், அதுவும் முதலில் வெளியே போனவர் முதலில். போனஸ் புள்ளிக்கு ஆள் வர மாட்டார். அப்படின்னா பர்தீப் பிடிபட்டு வெளியே உட்கார்ந்திருக்கும்போது அவரை உள்ளே கொண்டுவருவது யார்? பாட்னாவில் 2017இல் அந்த வேலையைச் செய்தவர் மோனு கோயத். அந்த சீசனில் அவரும் ரெய்டு புள்ளி எடுத்தார். பத்திரிகையில் படம் வந்தது பர்தீப்புக்கு. ஆனால் 2018 ஏலத்தில் மோனுவை அரியானா அணி 1 கோடியே 51 லட்சம் கொடுத்து வாங்கியபோது, விஷயம் தெரிஞ்சவங்க யாரைப் பார்த்துக்கிட்டிருந்தாங்கன்னு புரிஞ்சுது. மோனு போன பிறகு என்ன ஆச்சு? 2019இல் பர்தீப் 302 ரெய்டு புள்ளி எடுத்தார். அதே சீசனில் பாட்னா பிளே ஆஃபுக்கே போகவில்லை. 12 அணியில் எட்டாவது இடம். ஒருத்தர் 300 எடுத்தும் எட்டாவது!

‘அப்போ ரெண்டு பெரிய ஆளை வாங்கிப் போட்டா முடிஞ்சுது’ன்னு அவசரப்படாதீங்க. அதே 2019இல் நம்ம தலைவாஸ் செய்தது அதுதான். அஜய் தாகூரோடு ராகுல் சவுத்ரியையும் சேர்த்தார்கள். ரெண்டு பேருமே நாடு அறிந்த ரெய்டர்கள். கடைசியில் நம்ம அணிக்குக் கிடைத்த இடம் பன்னிரண்டு. மொத்தமே பன்னிரண்டு அணிதான்! எனக்குத் தோன்றுவது, ரெண்டு பேருமே முதல் ஆளா இருந்து பழகினவங்க. இன்னொருத்தர் வெளியே இருக்கும்போது ஒரு புள்ளி, ஒரே ஒரு புள்ளி எடுத்து அவரை உள்ளே கொண்டுவர்ற சின்ன வேலை இருக்கே, அதுக்குக் கைதட்டல் கிடைக்காது. அந்த வேலைக்கும் ஓர் ஆள் வேணும். இது என் கருத்து. மாத்துக் கருத்து உள்ளவங்க கீழே எழுத இடம் இருக்கு.

இன்னும் ஒரு தோல்வியைச் சொல்லாமல் விட்டால் இது நேர்மையான கட்டுரை ஆகாது. 2018 ஆகஸ்ட், ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. கேப்டன் அஜய் தாகூர், அணியில் பர்தீப், ராகுல் எல்லாரும் உண்டு. 1990இல் கபடி சேர்க்கப்பட்டதிலிருந்து ஏழு முறையும் தங்கம் வாங்கிய நாடு நாம். அரையிறுதியில் ஈரான் 27, இந்தியா 18. வெறும் 18! முங்குகிறவரும் தாண்டுகிறவரும் சேர்ந்த அணி இது. காரணம் தேடினால், ஈரான் வீரர்கள் அதற்குள் புரோ கபடியில் இவர்களோடவே ஆடி, பழகி, முட்டியை எப்போ மடக்கணும், எப்போ நிமிரணும்னு பாடமே படிச்சுட்டாங்க என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஃபசல் அத்ராச்சலி மாதிரி ஆட்களுக்கு நம்ம ரெய்டர்கள் வகுப்புத் தோழர்கள் மாதிரி. பக்கத்து பெஞ்சுக்காரனை ஏமாத்துறது கஷ்டம்தானே! தங்கம் திரும்ப வர 2023 வரை காத்திருக்க வேண்டியதாச்சு.

நம்ம குறுவட்டப் போட்டிக்கும் இது அப்படியே பொருந்தும். மீஞ்சூர்ப் பக்கத்துப் பள்ளிக்காரங்களும் எண்ணூர்ப் பக்கத்துப் பள்ளிக்காரங்களும் வருஷா வருஷம் நம்மகூட ஆடுறவங்க. நம்ம பாடகன் எந்தப் பக்கம் திரும்புவான்னு அவங்களுக்குத் தூக்கத்துல கேட்டாலும் தெரியும். போன வருஷம் பாடினவனையே இந்த வருஷமும் முழு ஆட்டத்துக்கும் அனுப்பினா சங்கிலி அவன் உயரத்துக்கே தைச்சு வச்ச மாதிரி வந்து நிக்கும். புதுசா ஒருத்தன், அதுவும் வேற உயரத்துல போறவன் வேணும்.

இப்போ முட்டி விஷயம். தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் ஆட்டம் ரப்பர் விரிப்பில் ஆடுவது. காலில் ஷூ. பர்தீப் நெஞ்சால வழுக்கிக்கிட்டுப் போனா விரிப்பு தாங்கிக்கும். நம்ம கிரவுண்டு கெட்டி மண்ணு, மேலே மெல்லிசாத் தூசி, நாம வெறுங்கால். முதல் நாளே அப்படி விழுந்தா முட்டியும் முழங்கையும்தான் போகும். டுப்கி கத்துக்க ஆசைப்படுறவங்க முதல்ல நின்ன இடத்துலேயே முட்டியை மடக்கி, ரெண்டு பேர் கட்டிப் பிடிச்ச கயித்துக்குக் கீழே நடந்து பழகுங்க. அப்புறம் ஓட்டம். கடைசியில்தான் ஆள் வச்சுப் பழகணும். கீழே போகும்போது முகவாயை நெஞ்சில் இடிக்கிற மாதிரி தலையைத் தொங்கப் போடாதீங்க. மேலே ரெண்டு பேர் விழுந்தா கழுத்துக்கு ஆபத்து. கழுத்து வலி வந்தா விளையாட்டா எடுத்துக்காம உடனே சார்கிட்ட சொல்லுங்க. மணல் கொட்டி மண்ணைக் கொத்தி விட்டா பாதிக் காயம் குறையும்னு பி.டி. சாரிடம் பணிவாகக் கேட்டுக்கொள்கிறோம். மண்வெட்டி பிடிக்கப் பதினொன்றாம் வகுப்பு ரெடி!

தாவல் பழகுறவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். உயரமா இருக்கிறதால மட்டும் தாவல் வந்துடாது. அஜய் தாண்டினது குனிஞ்ச ஆளை. நிமிர்ந்து நிக்கிற ஆளைத் தாண்டப் போனா நேரா அவர் மடியில போய் உட்காருவீங்க. போன வாரம் மாலைப் பயிற்சியில நடந்துச்சு, பேர் சொல்ல மாட்டேன். அவன் குனியிற வரைக்கும் கையை வச்சு ஆசை காட்டணும். அதுக்குப் பொறுமை வேணும், நீளக் கால் இருக்கிற நிறையப் பேர்கிட்ட அதுதான் இல்லை.

பொண்ணுங்க டீமைப் பத்தி எழுதலையேன்னு கேட்கிறவங்களுக்கு: மேலே சொன்ன எல்லாமே உங்களுக்கும்தான். உங்க களம் ஆண்கள் களத்தை விடச் சின்னது. திரும்பி வர்ற தூரமும் குறைவு, அதனால டுப்கி உங்களுக்கு இன்னும் லாபம். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வாங்கிய இந்தியப் பெண்கள் அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா ஆடினாங்க. கண்ணகி நகர் நமக்கு ரொம்பத் தூரம் இல்லை.

பர்தீப் 2025இல் ஓய்வு அறிவித்துவிட்டார். அந்த வருஷ ஏலத்தில் அவரை எந்த அணியும் எடுக்கவில்லை. புரோ கபடியில் 1000 ரெய்டு புள்ளியை முதலில் எட்டிய ஆள், 1800ஐத் தொட்டு முடித்த ஆள், கடைசியில் ஏலத்தில் கேட்க ஆளில்லை. எனக்கு வருத்தமாத்தான் இருந்துச்சு. அஜய் அதுக்கு முன்னாடியே நிறுத்தியாச்சு. 2019இல் பத்மஸ்ரீ விருது வாங்கினவர், இமாசலக் காவல்துறையில் அதிகாரி. ரெண்டு பேரையும் இனிமே களத்துல ஒண்ணாப் பார்க்க முடியாது, பழைய வீடியோதான்.

தேர்வுக் குழுவுக்கு எங்கள் பக்கத்தின் சார்பாக ஒரு வேண்டுகோள். ஏழு பேர் எடுக்கும்போது ‘யார் நல்ல ரெய்டர்’ என்று முதல் ஆளை எடுத்த பிறகு, இரண்டாவது ஆளுக்கு அதே அளவுகோலை வைக்காதீர்கள். முதல் ஆள் முங்குகிறவனாக இருந்தால், இரண்டாவது ஆளாக நிமிர்ந்து நின்று ஒரு புள்ளி எடுத்து வருகிறவனைப் பாருங்கள். அவன் பயிற்சியில் குறைவாகப் புள்ளி எடுத்திருக்கலாம். முதல் ஆள் வெளியே உட்கார்ந்திருக்கும்போது எடுத்தது எத்தனை என்று தனியாக எண்ணிப் பாருங்கள். எங்களிடம் கடந்த எட்டு நாள் மாலைப் பயிற்சிக் கணக்கு ஒரு நோட்டில் இருக்கிறது. கேட்டால் தருகிறோம்.

பேர் கொடுக்காத குள்ளமான நண்பர்களே, பட்டியல் வெள்ளிக்கிழமை மாலை வரைக்கும் பி.டி. அறைக் கதவில் ஒட்டியிருக்கும். கீழே பத்துக் கோடு காலியா இருக்கு.

(கருத்து எழுத இந்தத் தாளுக்குக் கீழே வெள்ளைக் காகிதம் ஒட்டியிருக்கிறோம். பென்சிலால் எழுதவும். படம் 1, படம் 2க்கு மீசை வரைய வேண்டாம்.)